தல்லாகுளத்தில் ஒரு துறைமுகம்

தூத்துக்குடி ரயில் மதுரை ஸ்டேஷனில் வந்து நின்றபோது கடலும் கூடவே வந்து இறங்கியது.

கோணி சுற்றிய பெரிய மரப் பீப்பாய்கள். கோணியிலிருந்து சொட்டிய தண்ணீர் பிளாட்பாரம் நெடுகக் கோடு போட்டது. முதல் பீப்பாயில் கை வைத்த கூலியாள் மோந்து பார்த்துவிட்டு, கருவாடா என்று கேட்டான்.

"உயிரோட இருக்கிற கருவாடு. ஆட்டாம இறக்கு" என்றான் சொக்கநாதன்.

சொக்கநாதன் பிறந்தது வடக்கு மாசி வீதியில். பிழைப்பது தூத்துக்குடித் துறைமுகத்தில், ஒரு தோணிக் கம்பெனிக் குமாஸ்தாவாக. அன்று காலை அவனைப் பார்த்து யாரும் குமாஸ்தா என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தலைமுடி உப்பில் விறைத்து நின்றது. சாமான் வண்டியில் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் அகப்பையை விட்டுக் கலக்கிக்கொண்டே வந்திருந்தான். கை ஓய்ந்தால் உள்ளே இருப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று தங்கை எச்சரித்திருந்தாள்.

அந்தத் தங்கை பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அனந்தலக்ஷ்மி. தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் சயன்ஸ் டீச்சர். அண்ணனைச் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. நேரே பீப்பாய்களிடம் போய் மூடிகளைத் தூக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்குடி அனந்து. நான்தான் பாதி செத்துட்டேன்."

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் சாகாம இரு அண்ணா. அப்புறம் உன் இஷ்டம்" என்றாள் அவள்.

அந்த ஒருநாளில்தான் எல்லாம் இருந்தது.

1936ஆம் வருஷத்துச் சித்திரை அது. பள்ளிக்கூடத்தின் மானேஜர் வக்கீல் பட்டாபிராமன். பெண் குழந்தைகளுக்குச் சயன்ஸ் எதற்கு, தையல் போதும் என்பது அவர் கட்சி. கட்சியோடு நிற்கவில்லை. தையல் மிஷின்களே வந்து வராந்தாவில் குந்திவிட்டன. ஜூனில் பள்ளி திறக்கும்போது சயன்ஸ் அறை தையல் அறையாகிவிடும். மதுரை ஜில்லாவில் பெண் குழந்தைகள் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கக்கூடிய இடங்களில் ஒன்று, ஒரு பெஞ்சு, ஒரு அலமாரி, ஒரு எலும்புக்கூட்டோடு காலியாகிவிடும்.

சித்திரைத் திருவிழாவை ஒட்டிப் பள்ளி மைதானத்தில் ஒரு கண்காட்சி நடத்த ஏற்பாடாகியிருந்தது. அதற்கும் பட்டாபிராமன்தான் தலைவர். அனந்தலக்ஷ்மி அவர் வீட்டுக்கே போய் நின்றாள். கண்காட்சியில் தன் வகுப்புக்கு ஒரு பந்தல் கொடுக்கச் சொன்னாள். கடலையே பார்க்காத மதுரை ஜனங்களுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தை உயிரோடு கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னாள்.

வக்கீல் சிரித்தார். பிறகு, கோர்ட்டில் பேசுகிற குரலில் தீர்ப்பும் சொன்னார்.

"அழகர் தல்லாகுளம் வந்து சேர்ற வரைக்கும் உன் கடல் உயிரோட இருந்தா, உன் வகுப்பும் உயிரோட இருக்கும். இல்லேன்னா தையல்தான். செத்த மீனைப் பார்க்க ஜனங்கள் இங்கே வர வேண்டாம், சந்தைக்குப் போனாப் போறும்."

அழகர் வருகிற நாள்தான் அன்று.

மாட்டு வண்டிகளில் பீப்பாய்கள் வைகைப் பாலத்தைத் தாண்டின. வெயில் ஏறுவதற்குள் பந்தலில் துறைமுகம் எழும்பிவிட்டது. தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, தண்ணீர் கசியாதபடி கீல் பூசி அடைத்த நீளத் தொட்டி. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அடியில் கடல் மணல். நடுவில் பழைய தோணித்துறையிலிருந்து பெயர்த்து வந்த கல். கல் முழுக்கக் கொட்டலசு கப்பியிருந்தது; கப்பலின் அடிவயிற்றில் சொரசொரவென்று ஒட்டிக்கொள்ளுமே, அந்தச் சிப்பிப் பூச்சி. தண்ணீர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பூச்சியும் கதவைத் திறந்து மெல்லிய இறகை வெளியே நீட்டி வீசத் தொடங்கியது. கல்லின் இடுக்கில் கடல்தாமரை விரிந்தது. பாசி பிடித்த நங்கூரக் கயிற்றில் வாலைச் சுற்றிக்கொண்டு கடல்குதிரைகள் நின்றன. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள், முத்துச்சிப்பிகள், அடுத்தவன் சங்குக்குள் குடிபுகுந்த நண்டுகள், வம்புக்கு இழுத்தால் பந்தாக ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் ஒன்று.

பின்னால் தட்டிகளில் பெண் குழந்தைகள் வர்ணத்தில் எழுதிய சரித்திரம். கொற்கையில் பாண்டியனின் முத்துத்துறை. ஆற்று வண்டல் மூடிக் கடல் பின்வாங்க, கொற்கை விட்ட இடத்தைக் காயல் பிடித்தது. காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி எழுந்தது. போர்த்துக்கீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். அந்த இங்கிலீஷ்காரனோடு போட்டி போட்டுச் சுதேசிக் கப்பல் ஓடியதும் அதே தண்ணீரில்தான். கரையோரம் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளியே நங்கூரம் போடும். மதுரை நூலையும் பஞ்சையும் தோணிகள்தான் சுமந்துபோய் ஏற்றும். கலங்கரை விளக்கம் நிற்கும் தீவுக்குப் பெயர் பாண்டியன் தீவு. இந்தக் கடைசி வரியை மட்டும் அனந்தலக்ஷ்மி சிவப்பு மையில் எழுதச் சொல்லியிருந்தாள்.

ஜனங்கள் வந்தார்கள். எப்படி வந்தார்கள்! அழகரைப் பார்க்க வந்த சுற்றுப்பட்டிக் கூட்டம் முழுவதும் முதலில் கடலைப் பார்த்துவிட்டுப் போவதென்று முடிவு செய்துவிட்டது போலிருந்தது. கடல்குதிரையைப் பார்த்த ஒருவர், குதிரைன்னு சொல்லிட்டு இதுல எலி ஏறுனாக்கூட முதுகு ஒடிஞ்சுருமே என்று குறைப்பட்டுக்கொண்டார். பேத்தை ஊதிக்கொண்டபோது, "நம்ம அம்பலம் கோவத்துல இப்பிடித்தாண்டா மாப்ள இருப்பாரு" என்று ஒரு குரல் வந்தது. ஊர்ப் பெரியவரான அந்த அம்பலமே பக்கத்தில் நின்றிருந்தார் போலும். பந்தலே குலுங்கச் சிரித்தது. அனந்தலக்ஷ்மி வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே அத்தனையையும் காதில் வாங்கினாள். ஊரே தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது.

அப்போதுதான், முறைப்படி திறந்துவைக்கப் பட்டாபிராமன் வந்தார்.

ஜரிகை அங்கவஸ்திரம், கழுத்தில் மாலை. பின்னாலேயே அவருடைய குமாஸ்தா ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு. தாம்பாளத்தில் குவியலாகப் பொரி.

மதுரைக்காரனுக்கு மீனைப் பார்த்தால் கை தன்னால் பொரியைத் தேடும். தெப்பக்குளத்தில் போட்ட கை, கோயில் குளங்களில் போட்ட கை. மீனுக்குப் பொரி போடுவது அவனுக்கு விருந்தாளிக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பது மாதிரி. தலைவர் மங்களகரமாக ஒரு பிடி அள்ளித் தொட்டிக்குள் தூவினார். கைதட்டல்.

அனந்தலக்ஷ்மி வாசலிலிருந்து பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு நடுவே, மாலை போட்ட மனிதரை நோக்கிக் கத்த முடியுமா? ஒரு பிடிதானே, அப்புறம் வலை விட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் தப்பு. அவள் கூட்டத்தைப் பிளந்து தொட்டியருகே போவதற்குள் தலைவர் போய்விட்டார்; தாம்பாளம் கைமாறிக் கைமாறிக் காலியாகிவிட்டது. மடியில் பொரியோடு வந்தவர்கள் மடியை அவிழ்த்திருந்தார்கள்.

கடல் மீனுக்குப் பொரி தெரியாது. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. பொரி ஊறியது, உப்பியது, கரைந்தது. தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீராக மாறத் தொடங்கியது. சித்திரை வெயில் கண்ணாடியைச் சுட்டது.

சற்று நேரத்தில் கிளிமீன்கள் மேலே வந்தன. தண்ணீர் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடின.

"ஐயோ பாவம், பசிக்குது போல" என்று யாரோ ஒரு புண்ணியவதி சொன்னாள். இன்னும் பொரி விழுந்தது.

"போடாதீங்க. அது பசி இல்லே, மூச்சு முட்டறது" என்று அனந்தலக்ஷ்மி சொன்னபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

கூட்டம் திகைத்து விலகியது. சொக்கநாதன் ஓடி வந்தான். கடல்குதிரை ஒன்று கயிற்றிலிருந்து வால் நழுவி மணலில் சரிந்து கிடந்தது. கொட்டலசுகள் கதவைச் சாத்திவிட்டன. ஒரு கிளிமீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது; செவுள் அசையவில்லை.

"அனந்து, எல்லாத்தையும் பீப்பாய்க்கு மாத்திடலாம். திருப்பிக் கொண்டுபோயிடறேன்" என்றான் அவன்.  அந்த ஜந்துக்களைப் பிடித்துக் கொடுத்த தோணிக்காரர்களிடம், எங்க மதுரைக்கு வரட்டும் பாருங்கள், ராஜ உபசாரம் நடக்கும் என்று ஜம்பமடித்துவிட்டு வந்தவன் அவன்.

"ரயில் எப்போ?"

"பொழுது சாஞ்சப்புறம்."

"அதுவரைக்கும் பீப்பாயில மட்டும் உயிர் தாங்குமா?"

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பழைய மல் துணியைத் தொட்டிக்குள் விட்டு வண்டி வண்டியாகப் பொரியை அள்ளினாள். கலங்கல் தண்ணீரில் ஒரு பங்கை இறைத்துக் கொட்டிவிட்டு, கையிருப்பாக இருந்த ஒற்றைப் பீப்பாய்க் கடல் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் தெளிந்தது. ஆனாலும் மீன்கள் கீழே இறங்கவில்லை. தண்ணீரில் காற்று இல்லை. துறைமுகத்தில் அலை ஓயாமல் கல்லில் மோதி நுரைக்கும்; அந்த நுரையில்தான் கடல் மூச்சு வாங்குகிறது. இங்கே அலைக்கு எங்கே போவது? மாணவிகள் செம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்தார்கள். கை வலித்ததுதான் மிச்சம்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பள்ளிக் கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். தலையில் உருமால், காலில் சலங்கை, நெற்றி நிறைய நாமம். அழகர் வரும் வழியில் அவர்மேல் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டு விரதம் இருப்பவர்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஆட்டுத்தோலில் தைத்த பை. அதன் வாயில் மெல்லிய பித்தளைக் குழாய். துருத்தி. கிணற்றுத் தண்ணீரை நிரப்ப வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் தன் பையில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க, கொஞ்சம் தண்ணீரை ஊற்றி அக்குளில் வைத்து அமுக்கினான். தண்ணீர் வானத்தில் சிதறி, பொடிப்பொடியாகி, வெயிலில் மின்னி விழுந்தது.

அனந்தலக்ஷ்மி ஓடினாள். டீச்சர் ஓடி அந்தப் பள்ளிக்கூடம் அதுவரை பார்த்ததில்லை.

கூட்டத்துக்குத் தலைவன் விருமாண்டி, கீழக்குயில்குடிப் பக்கத்தில் ஏர் பிடிக்கிற சம்சாரி. பனங்கட்டை மாதிரி ஆள். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான். தொட்டித் தண்ணீரைப் பையில் மொண்டு, தொட்டிக்குள்ளேயே பீய்ச்ச வேண்டும். பொடிப்பொடியாக விழுகிற தண்ணீர் காற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். அவ்வளவுதான்.

அவன் தலையை ஆட்டினான். முடியாது என்கிற ஆட்டல்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிறாதீக. சாமிக்குன்னு நேர்ந்த பை. விரதம் இருக்கம். மீனுன்னு வாயால சொல்லவே யோசிக்கிற நாளு இது. மீனு முங்கிக் கெடக்குற தண்ணியை இதுல மோந்துட்டு, அதுலயே சாமி மேல அடிக்கச் சொல்றீகளா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.  திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

விருமாண்டியின் மனைவி ஒச்சாயி கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே பந்தலுக்குள் போய்க் கடல்குதிரையைப் பார்த்து வாயில் கை வைத்தவள். எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"ஏய்யா, அழகரு எதுக்கு அம்புட்டுத் தூரம் மலையை விட்டு இறங்கி வாராரு?"

"இது என்ன கேள்வி? தவளையாப் போன ரிசிக்குச் சாபம் தீர்க்க."

"தவளைக்கு மோச்சம் குடுக்க வாரவரு, மீனுக்கு மூச்சுக் குடுத்தா வேணாம்னா சொல்லுவாரு?"

 விருமாண்டி சிரித்தான். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

"கல்யாணம் முடிஞ்ச நாளா இவட்ட நான் ஒரு கேசுகூட செயிச்சதில்ல டீச்சரம்மா" என்றான். "வாங்கடா. பை நாளைக்கு ஆத்துல கழுவுனா ஆச்சு. இன்னைக்குச் சாமிக்குப் பாதிப் பேரு, கடலுக்குப் பாதிப் பேரு. நான் கடலுக்கு."

அவனுடைய பையை அவனே முதலில் தொட்டிக்குள் முக்கினான்.

குழாய் முனையிலிருந்து தண்ணீர் சீறியது. மேலே எழுந்து, பூவாகச் சிதறி, சடசடவென்று தொட்டியில் விழுந்தது. அடுத்தவன் பீய்ச்சினான். அதற்கடுத்தவன். ஒரு பை காலியாகும்போது மறுபை நிரம்பியது. வருஷா வருஷம் பழகிய கைகள், தாளம் தப்பவில்லை. யாரோ கொட்டு மேளத்தை எடுத்து முழக்க, சலங்கை அதற்குச் சேர்ந்துகொண்டது. தொட்டியின் மேற்பரப்பு முழுவதும் நுரைத்துப் பொங்கியது. அனந்தலக்ஷ்மி கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள். வெள்ளிக் குமிழிகள் மணல் வரை இறங்கிக்கொண்டிருந்தன. மதுரைக்காரர்கள் அலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

காற்று சாரலைக் கூட்டத்தின் மேல் அடித்தது. முன்வரிசையில் நின்ற ஒருவர் உதட்டை நக்கிவிட்டு அப்படியே நின்றார்.

"உப்புடா மாப்ள. நெசமாவே கடலுடா."

அவ்வளவுதான். அத்தனை பேரும் முகத்தை நீட்டிக்கொண்டு சாரலுக்கு நின்றார்கள். வைகையைத் தவிர வேறு தண்ணீர் அறியாத சனம், சித்திரை வெயிலில், தல்லாகுளத்தில் நின்றபடி கடலை ருசி பார்த்தது.

ஒரு கிளிமீன் கீழே இறங்கியது. இன்னொன்று. சரிந்து கிடந்த கடல்குதிரை வாலை நீட்டிக் கயிற்றைத் தேடி, தொட்டு, பற்றிக்கொண்டது. கல்லில் ஒரு கொட்டலசு கதவைத் திறந்தது. பிறகு நூறு கதவுகள் திறந்து நூறு இறகுகள் வீசின. சொக்கநாதன் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உப்புத் தண்ணீர் என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்?

விருமாண்டி இப்போது பாதி பீய்ச்சுகிறவன், பாதி விளக்கம் சொல்கிறவன். தட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு மாணவியிடம் கேட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு எல்லாம் தன் பாஷையில் சொன்னான்.

"கப்பலுக்கு வழி காட்டுற வெளக்கு இருக்குற தீவு. பேரு பாண்டியன் தீவு. பாண்டியன் யாரு? நம்ம ஊருக்காரன். கொடியில என்ன வச்சிருந்தான்? மீனு. அப்ப இந்தக் கடலு யாரு கடலு? சத்தமாச் சொல்லு."

"நம்ம கடலு" என்றது பந்தல்.

வெயில் தாழ்ந்தபோது பட்டாபிராமன் வேகமாக உள்ளே வந்தார். கடல் செத்துவிட்டது என்று யாரோ அவருக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். பந்தலுக்குள் கொட்டும் சலங்கையும் சாரலுமாக இருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய மூக்குக் கண்ணாடி நனைந்து மங்கியது.

என்ன ஆயிற்று என்று கேட்டார். அனந்தலக்ஷ்மி எதையும் மறைக்கவில்லை.

"தண்ணி கெட்டுப்போச்சு ஸார். பொரியால. முதல் பிடி உங்களுது."

 கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல்களைப் பெஞ்சோடு உட்கார வைக்கிற மனிதர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தால் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

"கோயில் குளம்னு நெனைச்சுட்டேன்" என்றார் கடைசியில். "கடலுக்கு நைவேத்தியம் வேறேன்னு எனக்கு யார் சொன்னா?"

"அதைச் சொல்லித்தர ஒரு வகுப்பு இருக்கு ஸார்."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, கோபமா என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லித் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை. சாரல் மாலையை நனைத்தது, அவர் நகரவில்லை. கடல்தாமரை ஒரு குட்டி இறாலைப் பிடித்துத் தின்பதை, வாய்தா கேட்கிற கட்சிக்காரனைப் பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. மூன்றுமாவடிப் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. பிறகு கடல் இரைச்சல் மாதிரி ஒரு 'கோவிந்தா'. அழகர் தல்லாகுளம் எல்லைக்கு வந்துவிட்டார்.

விருமாண்டியின் ஆட்கள் பைகளை இறக்கினார்கள். எல்லோருடைய கண்ணும் பட்டாபிராமன் மேல் இருந்தது. அனந்தலக்ஷ்மி ஒரு தாம்பாளத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அதில் வாழையிலை. இலையில் பச்சையும் நீலமும் மங்கிப்போன ஒரு கிளிமீன்.

"ஒண்ணு போயிடுத்து ஸார். மறைக்க இஷ்டமில்லே."

சொக்கநாதன் பல்லைக் கடித்தான். இவளை யார் கேட்டார்கள்? வராந்தாவில் தையல் மிஷின்கள் வரிசையாகக் காத்திருந்தன.

வக்கீல் மீனைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் சொன்ன வார்த்தை என்ன?"

"அழகர் வர்ற வரைக்கும் உன் கடல் உயிரோட இருந்தா, வகுப்பு இருக்கும்னு சொன்னேள்."

"கடல்னு சொன்னேனா, மீன்னு சொன்னேனா?"

"கடல்னு."

"கடல்ல தெனம் எத்தனை மீன் சாகறது? அதுக்காகக் கடல் செத்துப்போச்சுன்னு எந்தக் கோர்ட்டாவது சொல்லுமோ?" அவர் எழுந்தார். நனைந்த அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கடல் உயிரோட இருக்கு. கொட்டு மேளத்தோட இருக்கு. ஜூன்ல வகுப்பை ஆரம்பி."

பந்தல் ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பு அழகருக்கா, அனந்தலக்ஷ்மிக்கா என்று வெளியே நின்றவர்களுக்குக் குழப்பம். ஒச்சாயி அனந்தலக்ஷ்மியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். விருமாண்டி, சாமியைப் பாத்துட்டு வாரேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவன் திரும்பி நின்று, வருசா வருசம் கடலு வருமா என்று கேட்டான். வரும் என்றாள் அனந்தலக்ஷ்மி. அப்படியென்றால் அதற்கென்று தனியாக ஒரு பை தைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பட்டாபிராமன் வராந்தா வரை நடந்துபோய்த் தையல் மிஷின்கள் முன்னால் நின்றார். அவற்றை எங்கே வைப்பது என்ற கவலை இப்போது அவர் முகத்தில் தெரிந்தது. அனந்தலக்ஷ்மி பின்னாலேயே வந்தாள். முகத்தில் உப்பு காய்ந்து பூத்திருந்தது. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"தையலும் நடக்கட்டும் ஸார். தெற்கு அறை காலியாத்தானே இருக்கு" என்றாள். "அடுத்த வருஷம் மீன் பிடிக்க வலை வேணும். எங்க குழந்தைகளே தைச்சுக்குவா."